நகராத முள்

“என்ன, ஜெபம் பண்ணுதீங்களா? நம்பரச் சொல்லுங்க” என்றாள் தேவமணி, எடைக்கருவியின் மேல் நின்றபடி.

அவள் கணவர் நேசையா அதன் முன்னால் குத்தவைத்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“தொண்ணூத்தொண்ணு.”

போன ஞாயிறும் அதுதான். அதற்கு முந்தின ஞாயிறும் அதுதான்.

இன்றைக்கும் முள் இறங்காவிட்டால், ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதில்லை என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாக நேற்றே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்யாமல் விட்ட பழக்கம் அவளுக்கு இல்லை.

ஐப்பசி மழையில் பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்தவள். முறிந்த முழங்கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் படுக்கையில் கிடந்த மாதங்களில் உடம்பு பெருத்துப்போனது. எடை குறைந்தால்தான் அந்தக் கால் மாடிப்படி தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பத்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது.

கீழேயே நூலகத்தில் உட்காரலாமே என்று தலைமையாசிரியை சொல்லிப் பார்த்தார். “புத்தகத்துக்கா நான் இலக்கணம் நடத்தணும்?” என்று கேட்டுவிட்டாள் தேவமணி.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ஷம்ஸியா வந்தாள். முதலில் எல்லாமே நாற்காலிப் பயிற்சி. உட்கார்ந்தபடி காலை நீட்ட வேண்டும், தண்ணீர் பாட்டிலைத் தூக்க வேண்டும். சோறு பாதியானது. முள் வாராவாரம் இறங்கியது. தேவமணி அடுக்களையில் பாட்டுக்கூடப் பாடினாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஷம்ஸியா பயிற்சியை மாற்றினாள். நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பின்வாசல் படியில் ஏறி ஏறி இறங்க வேண்டும்.

அன்றிலிருந்து முள் ஒரே இடத்தில் நிற்கிறது.

“பயிற்சிய மாத்துனா முள்ளு கொஞ்ச நாள் அடம்பிடிக்கத்தான் செய்யும் டீச்சர்” என்றாள் ஷம்ஸியா.

“அடம்பிடிக்க இந்த வீட்ல நான் ஒருத்தி போதாதா?”

அது உண்மைதான் என்று நேசையாவுக்குத் தெரியும். அவளுடைய பிடிவாதம் தன்மேல் பாய்ந்துதான் அவருக்குப் பழக்கம். அது அவளுடைய உடம்பின் மேலேயே பாய்வதை இப்போதுதான் பார்க்கிறார்.

அவள் எண்ணுவதுகூட ஒன்று, இரண்டு என்று இல்லை. தேமா என்று எழுவாள். புளிமா என்று உட்காருவாள். கருவிளம், கூவிளம். கூவிளத்துக்கு வரும்போது முழங்கால் நடுங்கும், நாடியிலிருந்து வேர்வை சொட்டும். கை தவறி நாற்காலியைத் தொட்டுவிட்டால், தப்பாக ஒப்பித்த பிள்ளையை நிறுத்துவதுபோலத் தன்னை நிறுத்திவிட்டு, மறுபடியும் தேமாவிலிருந்து தொடங்குவாள்.

பார்த்துக்கொண்டே நின்று நேசையா எத்தனையோ நாள் பாலைப் பொங்கவிட்டிருக்கிறார். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்கவே சலித்துக்கொள்கிறவர் அவர்.

“உக்காந்து செஞ்சப்ப இறங்குச்சு. இப்ப ரெண்டு மடங்கு வேர்க்கு, ஒரு பொட்டு இறங்கல” என்றாள் தேவமணி. “அந்தப் பிள்ள பேச்சக் கேட்டு இருந்ததையும் கெடுத்துக்கிட்டேன் பாத்துக்கிடுங்க.”

நேசையா எழுந்து ஜன்னலோரம் போனார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

ஜூன் மாதம் மணி அடிக்கும். இந்த வீடு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு இவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

“அங்கன போய் என்ன வேடிக்க? பேப்பர எடுங்க. கோயிலுக்குப் போறதுக்குள்ள எழுதிருதேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

தேவமணி இன்னும் எடைக்கருவியை விட்டு இறங்கியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஷம்ஸியாவையும், எடைக்கருவியையும், அதை விற்ற கடைக்காரரையும் வரிசையாக வைதுகொண்டிருந்தாள்.

நேசையாவின் கை தானாகத் தன் தோளுக்குப் போனது.

முள் இறங்கி இறங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், அவர் குத்தவைத்து எண் பார்க்கும்போது அவளுடைய இரண்டு கைகளும் அவர் தோள்களை அழுத்திக்கொண்டிருக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் ஊன்றுகிற ஊன்றலில், சாயங்காலம் வரைக்கும் அவருக்குத் தோள் வலிக்கும். லெந்தில் அது ஒரு கையானது. பிறகு வெறும் விரல்கள்.

அவர் தோளில் இறங்கிய அந்தப் பாரம் எதுவும் அப்போது முள்ளில் ஏறியதே இல்லை.

இன்றைக்குக் குனிந்திருந்தபோது தோளில் ஒன்றுமே படவில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏளா தேவமணி” என்றார். “இப்ப நீ எதப் பிடிச்சுக்கிட்டு நிக்க?”

வைதுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள்.

இரண்டு கைகளும் அவள் இடுப்பில் இருந்தன.