மார்க் ஏற்றும் இருமல்

மூன்றாமாண்டு மருத்துவம் படிக்கும் நிறைமதிக்கு எதனால் மார்க் ஏறுகிறது என்று கல்லூரியின் ஏ.ஐ. கணிப்பான் அவள் மார்க்கையும் விடுப்புக் கடிதங்களையும் ஆராய்ந்து வீட்டுக்கே சொல்லிவிட்டது. நல்ல தூக்கமும் அல்ல, வல்லாரையும் அல்ல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத வாரங்களில்தான் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறாளாம்.

அதிலிருந்து பரீட்சை நெருங்கினாலே அவள் காது அப்பாவின் அறைப் பக்கம் போனது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இறுதித் தேர்வுக்கு முந்தின வாரம் அப்பா தணிகாசலம் இருமினார். நாடகத்தில் ராஜா சாகிற மாதிரி இருமல்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். துளிக் கரகரப்பு இல்லை.

"மோசமா இருக்காம்மா?" என்றார் ஆசையாக.

"சளி கட்டியிருக்குப்பா. படுங்க."

அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. "நீ போய்ப் படி, தாயி."

கூசிக்கொண்டே புத்தகத்தைத் திறந்தாள். பாவி மனசு, வரி வரியாகப் படிப்பு ஏறியது.