காது மட்டும்

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு காது வந்தது.

பெரிய காது. திரை முழுக்கக் காது.

யாருங்க என்று கேட்க வாயெடுத்தவள், மடலுக்குக் கீழே இருந்த மச்சத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா.

அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பிய அன்று, "இனி ஒம் முகத்த ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்" என்று தென்காசி வீட்டு வாசலில் நின்று சொன்னவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் மனுஷர் மகா கெட்டிக்காரர். பேத்தி பிறந்தபோதும் பார்க்க வரவில்லை. அம்மா போட்டோவை நீட்டினால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாராம்.

"அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றது காது. "கொரோனான்னுட்டாவ. போன் இங்கயே கெடக்கு."

பஸ் கண்டக்டராக இருந்தவர். பேச்சும் டிக்கெட் கிழித்த மாதிரி துண்டு துண்டாகத்தான் வரும்.

வைத்துவிட்டார்.

ஊரடங்கு. ரயில் இல்லை. பஸ் இல்லை. இ-பாஸுக்கு எழுதிப் போட்டாள், தள்ளிவிட்டார்கள். புனேவிலிருந்து தென்காசிக்குப் பறந்தா போக முடியும்? உட்கார்ந்து அழுதாள்.

அழுகைக்கு நடுவே அந்தக் காதும் வந்து வந்து போனது. அம்மா படுத்துக் கிடக்கிறாள், இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவரே அழைத்தார். வீடியோ கால்தான்.

மறுபடியும் காது.

"இட்லி சாப்ட்டாளாம். டாக்டர் சொன்னாரு."

பாவம், வீடியோ காலுக்கும் சாதா காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்தாள். போனைக் காதோடு ஒட்டவைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். சத்தம் அதிகமாக வைத்திருப்பார்போல. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் நல்ல வெளிச்சம்.

சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். சொன்னால் சாதா காலுக்குப் போய்விடுவார். இருக்கிற காதும் போய்விடும்.

தினமும் காலையில் அழைப்பு வந்தது. அவரை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

காதுக்குள் நரைமுடி எட்டிப் பார்த்தது. கண்ணாடிக் காம்பு அழுத்தி அழுத்தி மேலே ஒரு தழும்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, அன்றன்றைய கோள் மொத்தத்தையும் கொட்டியது இந்தக் காதில்தான்.

ஒருநாள், "ஆக்ஸிஜன் வச்சிருக்கு" என்றார்.

அன்று அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. காது சும்மா இருந்தது. அதன் ஓரம் சிவந்திருந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"ம்."

ஒன்றும் ஆகவில்லை. அம்மா பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். கன்னம் ஒட்டி, குரல் கம்மிப்போய், திரை நிறையச் சிரித்தாள். இருவரும் ஒருபாட்டம் அழுது முடித்த பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்பாவுக்கு வீடியோ கால் பேசத் தெரியாதாம்மா? காதுலயே வச்சுக்கிடுதாரு."

"யாருக்கு, உங்கப்பாவுக்கா? நாகர்கோயில் மாமாகூட தெனமும் முகத்தப் பாத்துத்தான பேசுதாவ. இப்பிடிப் பிடி, அப்பிடிப் பிடின்னு எனக்குச் சொல்லித் தந்ததே அவியதான்."



ஒரு சாண் தள்ளிப் பிடித்த போன். ஜன்னல் வெளிச்சம்.

மகள் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். மகள் தன்னைப் பார்க்கக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அம்மா வந்தாயிற்று. போனும் அம்மா கைக்குப் போயிற்று. இனி அந்தக் காதுக்கு என்ன வேலை?

மறுநாள் காலை போனை அடுப்புத் திட்டின்மேல் வைத்துக்கொண்டு தோசை வார்த்தாள். ஒரு தோசை கருகியது. வழக்கமான நேரம் தாண்டியது. அடுத்ததும் கருகியது.

போன் அடித்தது. அப்பாவின் சொந்த நம்பர். வீடியோ.

காது வந்தது. புதிதாகச் சவரம் செய்து, கிருதாவை ஒழுங்காக வழித்திருந்தார்.

"அம்மா நல்லா இருக்கா."

அது நேற்றே அம்மா சொன்னதுதான். அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. வைத்துவிடுவார். நாளைக்கு என்ன சாக்கு கிடைக்கப்போகிறது அவருக்கு?

"அப்பா, காது மடல்ல சோப்பு நுரை ஒட்டியிருக்கு."

கொஞ்சநேரம் காது அசையவில்லை.

பிறகு போன் மெல்லத் திரும்பியது. கன்னம் வந்தது. கண்ணாடி வந்தது. முழு முகமும் வந்தது. வயசாகிவிட்டிருந்தது.

திரையின் மூலையில், அவர் முகம் அவருக்கே தெரியும் சின்னக் கட்டத்துக்கு முதலில் அவர் கண் போனது. தலையைச் சாய்த்துக் காதைப் பார்த்தார். அங்கிருந்து கண் நடுத்திரைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடலைத் துடைத்தார்.

"போயிருச்சா?"

மடல் பளிச்சென்று இருந்தது. முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

"இல்லப்பா. இன்னும் இருக்கு."

மறுபடி துடைத்தார். கண் மூலைப்பக்கம் போகவே இல்லை.

"இப்ப?" என்றார்.