சிவப்பு விளக்கு எரியும்வரை

ஒலிப்பதிவு அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரியும்போது முதலாளியே ஆனாலும் உள்ளே வரக் கூடாது. பாடுகிறவர்களுக்காக மல்லுக்கு நின்று இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், இசைத்தட்டு கம்பெனியின் மேலாளர்தான். காலையில் கம்பெனி கைமாறிவிட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பவும் அறையைப் பூட்டவும் வந்த புது முதலாளியின் ஆட்கள், விளக்குக்குக் கட்டுப்பட்டுக் கதவுக்கு வெளியே காத்திருக்கிறார்கள். கதவின் சின்னக் கண்ணாடியில் அவர்களுடைய தோள்கள் தெரிகின்றன. மேலாளர் வியர்த்த விரலால் மைக் பொத்தானை அமுக்குகிறார். "இன்னொரு தடவை பாடும்மா." கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடகி வெந்நீர் டம்ளரோடு நிமிர்கிறாள். தொண்டை கட்டியிருக்கிறது. "நல்லாத்தானே வந்துச்சுண்ணே. நாலு தடவை பாடிட்டேன். நீங்க யாரையும் இப்படிப் படுத்தமாட்டீங்களே." அவர் ஒரு கணம் கதவைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் பார்வை அவர் முகத்திலிருந்து நகர்ந்து, அவருக்குப் பின்னால் இருக்கும் கதவுக்குப் போகிறது. அந்தத் தோள்களை வெகுநேரம் பார்க்கிறாள். டம்ளரை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். "லைட்டை அணைச்சிடாதீங்கண்ணே." பாட்டு தொடங்குகிறது. இரண்டாவது அடியில் குரல் உடைகிறது, மூன்றாவதில் காற்றுதான் வருகிறது. உதடுகள் மட்டும் அசைய, அவள் விடாமல் பாடிக்கொண்டிருக்கிறாள். அவர் தலையாட்டித் தாளம் போடுகிறார்.