அமெயாலி என்றால் சுனை

"ஹசிந்தா, உங்க நாவாட் பாஷையில அழகா ஒரு பேர் சொல்லேன். நாளைக்கு நம்ம வீட்டுக்குப் பாப்பா வர்றா!" என்றாள் மெக்சிகோவின் புவேப்லா நகரத்து முதலாளியம்மா.

முதலாளியம்மாவின் மருமகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஹசிந்தாவுக்குத் தன் மகளின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்காகவே பள்ளியில் அவளை 'மலைக்காட்டுக்காரி' என்று அழவைக்கிறார்கள். பெரிய வீட்டுக் குழந்தைக்கும் அதே பெயர் என்றால், இனி எந்த வாய் கேலி பேசும்?

"அமெயாலின்னு வைங்கம்மா. தண்ணி ஊறுற சுனைன்னு அர்த்தம்."

"அடடா, தேனா இருக்கே!"

மறுநாள் பள்ளி விட்டு அம்மாவைத் தேடி வந்த மகள் சமையலறையில் இருந்தாள். முற்றத்திலிருந்து முதலாளியம்மா கூப்பிட்டாள்.

"அமெயாலி, ஓடி வா!"

"இதோ வந்துட்டேம்மா!" என்று மகள் ஓடினாள்.

"உன்னை யாருடி கூப்பிட்டா?" என்று சிரித்தபடியே, காலடிக்கு ஓடிவந்த நாய்க்குட்டியை முதலாளியம்மா தூக்கிக்கொண்டாள்.