அப்படித்தான் பேசிக்கிறாங்க

"'யாருக்கும் தெரியாம ஒரு காரியம் பண்றாங்களாம்'... இதை ஜப்பான் பாஷையில எப்படிச் சொல்றது டீச்சர்?"

டிரைவர் எழுந்து நின்று இப்படிக் கேட்டதும், முன் வரிசையில் இருந்த பர்ச்சேஸ் பிரிவுப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் நடக்கும் மாலை வகுப்பு அது. காதில் விழுந்ததையும் ஊகித்ததையும் பேச்சில் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பாடம். கடைசியில் 'ஸோ தெஸு' போட்டால் வந்தாராம், போனாராம். 'தெஷோ' போட்டால் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

டீச்சர் சொல்லிக் கொடுத்தார். டிரைவர் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

"எனக்கு இந்தப் பாடம் ஒண்ணு போதும் டீச்சர். மத்ததெல்லாம் வராட்டிப் பரவாயில்லை."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி. நான்கு மாதத்துக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த மானேஜருக்கு அவர்தான் டிரைவர். சிரித்தே பார்த்திராத அந்த மானேஜருக்கு ஆபீஸ் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. மீட்டிங் என்றால் மொழிபெயர்ப்பாளர் வருவார். மற்ற நேரத்தில் அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. சாப்பாடும் தனியாகத்தான்.

அந்த உம்மணாமூஞ்சியிடம்தான், வாரம் இரண்டு நாள் பல் வைத்தியம் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அவள் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கி வந்தாள். கட்டடம் சரிதான். மாடிதான் வேறு.

முதல் வகுப்பிலேயே, "இது தெரிஞ்சா வேற நல்ல கம்பெனிக்குப் போயிடலாம்" என்று உளறியும் விட்டாள். திரும்பிப் பார்த்தால் கதவருகில் குடையை மடக்கிக்கொண்டு டிரைவர்!

அன்றிலிருந்து, எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி.

"என்ன மேடம், பல் வலி தேவலையா?"

அடுத்த மாதம் ஆள் குறைப்பு என்று ஆபீஸில் பேச்சு. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. டிரைவர் போய் மானேஜரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் முதல் தலை அவளுடையதுதான்.

மறுநாள் கேன்டீனில் தோழிகளிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"நாம பேசறதையெல்லாம் இந்த டிரைவர் உம்மணாமூஞ்சிகிட்ட போட்டுக் கொடுக்கிறாராம்."

"யாருடி சொன்னா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"அதானே பார்த்தேன்! கார்ல ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டே போறப்பவே நினைச்சேன்."

சாயங்காலத்துக்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. டிரைவர் டீயோடு வந்து உட்கார்ந்தால் மேஜையே காலியாயிற்று. அவர் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அது போதாது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முந்துவதற்குள் தான் முந்திவிட வேண்டும். 'டிரைவர் கோள் சொல்கிறவராம்.' ஒரே ஒரு வாக்கியம். 'ஸோ தெஸு' போட்டு நெட்டுருப் போட்டாள்.

வாய்ப்பும் தானாக வந்தது. ஒரு சப்ளையரைப் பார்க்க மானேஜர் புறப்பட்டார். சாம்பிள் பெட்டியோடு அவளும் போக வேண்டும். நல்ல மழை. பின் சீட்டில் மானேஜர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வண்டி கேட்டைத் தாண்டியதுமே மானேஜர் ஏதோ கேட்டார். டிரைவர் தட்டுத் தடுமாறி அவர் பாஷையில் பதில் சொன்னார். எல்லாம் பாடத்தில் வந்த வார்த்தைகள். அவளுக்குப் புரிந்தது.

"இன்னைக்கு மழை பெய்யுமாம்."

வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. உம்மணாமூஞ்சி களுக்கென்று சிரித்தது! அவளால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"ஆபீஸ்ல உங்களைப் பத்தி நல்லா பேசிக்கிறாங்களாம். நீங்க தனியா சாப்பிடறது எல்லாருக்கும் கஷ்டமா இருக்காம். கூடக் கூப்பிடக் கூச்சமாம்."

யார் சொன்னது? அவளுக்குத் தெரிந்து ஒரு ஈ, காக்கை சொன்னதில்லை.

"அப்புறம், இந்த மேடம்..."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கும் தெரியாம ஒரு காரியம் பண்றாங்களாம்."

தன் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். டிரைவர் முந்திக்கொண்டார்.

"உங்க பாஷையைக் கத்துக்கிறாங்களாம். உங்களோட நாலு வார்த்தை பேசத்தான் இருக்கும்."

மானேஜர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"ஸோ தெஸ் கா?" அப்படியா?

பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அப்போ அந்தப் பல் வலி?

நெட்டுருப் போட்டது எங்கே போனதென்றே தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஹை" என்றாள். ஆமாம்.

மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். போகும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அவளுக்குப் புரியும்படி ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார்.

சப்ளையர் வாசலில் மானேஜர் குடை பிடித்து முன்னே போனார். அவள் பின்தங்கினாள்.

"அண்ணே, இதெல்லாம் யார் உங்ககிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லலை மேடம். வண்டியில ஏறினதும் தினமும் கேப்பார், ஆபீஸ்ல என்ன பேசிக்கிறாங்கன்னு. பாவம், வேற யாரைப் போய்க் கேப்பார்?"

"நிஜமா என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? அவரைப் பத்தி... உங்களைப் பத்தி..."

டிரைவர் சாம்பிள் பெட்டியை மழை படாமல் இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

"தெரியாம என்ன மேடம்? அதையெல்லாம் சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் பாஷை வரலையே."