பல்லிக்கு அடைத்த துணி

மதியழகன் விளையாட உட்கார்ந்தால் பாதி ஆட்டத்தில் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். பாவம், ஒயரை மாற்றினான். ஸ்டெபிலைசரையும் புதிதாக வாங்கிப் போட்டான். இன்று இறுதிப் போட்டியிலும் அணைந்தது.

“உன்னய நம்புனோம் பாரு! இனி டீமுக்கு நீ வேண்டாம்டா” என்று போனில் கூட்டாளி கத்தியது அடுப்படிவரை கேட்டது.

“பெட்டி நெருப்பா கொதிக்குதுடா, ஏன்னே தெரியல” என்றவன் போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

‘கொதிக்குது’ என்றது காதில் விழவும் அம்மா பொற்கொடி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மேசைக்கடியில் தவழ்ந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளையில், பல்லி நுழைந்துவிடுமே என்று பழைய சேலைத்துணியைத் திணித்து வைத்தவள் அவள்தானே! உருவி எடுத்தாள். காய்ச்சல்காரன் நெற்றியில் கிடந்த துணிபோல் கொதித்தது.

“கீழ என்னம்மா தேடுறே?”

“பல்லி, சாமி” என்றாள். மூடிய கைக்குள் துணி ஆறவே இல்லை.