ஏலக்காய் ஸ்டோரில் ஒற்றைச் சுரம்

பிற்பகலிலேயே மலைமேல் வெளிச்சம் மங்கிவிட்டது. மழை தகரக் கூரையை விடாமல் தட்டுகிறது. ஏலக்காய் காயவைக்கும் சூட்டறைக்கு வெளியே, மரப் பெஞ்சில் கன்னையன் தன் பழைய எலக்ட்ரிக் ஆர்கனைப் பிரித்துப் போட்டிருக்கிறான். போடியில் கச்சேரிக் குழு கலைந்ததும் எஸ்டேட் வேலைக்கு வந்தவன், அதையும் லோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். மலை ஈரத்தில் கட்டைகள் ஒவ்வொன்றாய் ஊமையாகி, ஒரே ஒரு சுரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சுரத்தின் சின்ன அட்டையைக் கழற்றி, ஒரு ஸ்பீக்கரோடும், சூடு மிஞ்சினால் வளைந்து மின்சாரத்தை இணைக்கிற இஸ்திரிப் பெட்டிப் பட்டையோடும் சேர்த்து ஈயம் வைக்கிறான். போன வாரம் சூட்டறை அடுப்பைக் காக்கையில் அவன் கண்ணயர்ந்ததில் ஒரு ஈடு காய் கருகிப்போனது. இன்னொரு தடவை என்றால் மலையை விட்டு இறங்கவேண்டியதுதான். ஈயப் புகையில் அவன் மனைவி சந்திரவல்லி இருமுகிறாள். "அடுப்பைப் பாக்குற சோலிக்குப் பாட்டுப்பொட்டி வேற வேணுமாக்கும்?" "நான் அசந்துருவேன் வல்லி, இது அசராது." பட்டையைச் சூட்டறைக்குள் தொங்கவிட்டு, பேட்டரியை இணைத்துவிட்டுக் காத்திருக்கிறான். அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளுகிறாள். சுவர் அனல் அடிக்கிறது. சட்டென்று ஸ்பீக்கர் பாடுகிறது, நீளமாக, நடுக்கமில்லாமல். "கூவுது! வெரசா விறகை இழுங்க, காய் பச்சை போயிரும்!" கன்னையன் எழவில்லை. அவன் வலக்கை வெறும் பெஞ்சின்மேல் விரிந்து, அடுத்த சுரம் இருக்கவேண்டிய இடத்தை அழுத்துகிறது. சந்திரவல்லியே ஓடி, எரிகிற கட்டைகளை இழுத்துப் போடுகிறாள். சூடு தணிந்து ஸ்பீக்கர் அடங்குகிறது. விரல்கள் மரத்தின்மேல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.